லினக்ஸ் கருனி மாற்றங்களின் மீளாய்வு

லினக்ஸ் கருனி மாற்றங்களின் மீளாய்வு என்பது, லினக்ஸ் கருனியின் மூலநிரலில் செய்யக் கருதும் ஒவ்வொரு மாற்றத்தையும், அது சேர்த்துக்கொள்ளப்படும் முன்னர் ஏனைய நிரலாளர்கள் பொதுவில் படித்து, கேள்வி எழுப்பி, திருத்தம் கோரி, ஏற்கவோ மறுக்கவோ செய்யும் நடைமுறை ஆகும். இது பெரும்பாலும் மடலாடற் குழுக்களில், எவரும் படிக்கக்கூடிய மின்னஞ்சல்கள் வழியாக நடைபெறுகின்றது. லினக்ஸ் கருனியை உருவாக்குவோர் அனைவரும் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். அவர்களுக்கு வேலை ஏவும் அதிகாரம் எவருக்கும் இல்லை. ஒரு மாற்றத்தை வேண்டாம் என்று காரணத்துடன் மறுக்கும் உரிமையே இத்திட்டத்தை ஒழுங்குபடுத்தும் முதன்மைக் கருவியாக உள்ளது. ஆகவே மீளாய்வு என்பது வழுக்களைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்ப வேலை மட்டுமன்று. கருனி எத்திசையில் வளரவேண்டும் என்பது முடிவாகும் இடமும் அதுவே.

பின்னணி

கருனி என்பது ஓர் இயங்குதளத்தின் உட்பகுதி ஆகும். நினைவகம், செயலி, வன்தட்டு, வலையமைப்பு போன்றவற்றை நேரடியாகக் கையாண்டு, ஏனைய நிரல்களுக்குப் பங்கிட்டு அளிப்பது இதன் பணி. சாதாரண நிரல் ஒன்றில் வழு இருந்தால் அந்நிரல் மட்டும் நின்றுபோகும். கருனியில் வழு இருந்தால் கணினி முழுவதும் நின்றுபோகலாம்; வன்தட்டிலுள்ள கோப்புகள் அழியலாம்; அயலார் ஒருவர் கணினியின் முழுக் கட்டுப்பாட்டையும் கைப்பற்றலாம்.

லினக்ஸ் கருனியை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டு பின்லாந்தில் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கினார். இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும், இணைய வழங்கிகளிலும் இக்கருனி இயங்குகின்றது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸையே பயன்படுத்துகின்றன. மூலநிரலின் அளவு ஏறத்தாழ 4 கோடி வரிகள். ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகும் ஒவ்வொரு பதிப்பிலும் 10,000-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. இவ்வளவையும் தனியொருவரால் படிக்க இயலாது. யார் எதைப் படிப்பது, யாருடைய சொல்லை யார் நம்புவது என்னும் கேள்விகளுக்கு விடையாகவே இன்றைய மீளாய்வு முறை உருவானது.

ஒட்டு

மாற்றம் ஒன்று மீளாய்வுக்கு அனுப்பப்படும் வடிவம் பேட்ச் எனப்படும். இக்கட்டுரையில் அது ஒட்டு என்று குறிக்கப்படுகின்றது. துளையிட்ட அட்டைகளும் காகித நாடாக்களும் பயன்பட்ட காலத்தில், தவறான துளைகளின் மேல் காகிதத் துண்டை ஒட்டித் திருத்தியதால் இப்பெயர் வந்தது.

ஒட்டு என்பது முழு நிரல் அன்று. பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் காட்டும் எழுத்துக் கோப்பு ஆகும். நீக்கப்படும் வரிகளின் முன் கழித்தல் குறியும் (-), சேர்க்கப்படும் வரிகளின் முன் கூட்டல் குறியும் (+) இடப்படும். இத்தகைய கோப்பைப் படித்து மூலநிரலில் தானே பொருத்தும் பேட்ச் என்னும் நிரலை லாரி வால் 1985 இல் வெளியிட்டார். இவரே பின்னர் பெர்ல் நிரல்மொழியை உருவாக்கியவர்.

கருனிக்கு அனுப்பும் ஒட்டில் பின்வரும் பகுதிகள் இருக்கவேண்டும்.

1. தலைப்பு வரி: கருனியின் எந்தப் பகுதி, என்ன மாற்றம் என்பது ஒரே வரியில்.
2. விளக்கம்: இப்போதுள்ள குறை என்ன, யாருக்கு அதனால் பாதிப்பு, இத்தீர்வு ஏன் பொருத்தமானது என்பன.
3. அனுப்பியவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கொண்ட ஒப்ப வரி.
4. நிரல் வேறுபாடு.

இவற்றுள் விளக்கத்துக்கு மீளாய்வாளர்கள் பெரிதும் முதன்மை அளிக்கின்றனர். என்ன மாறியது என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதை நிரல் காட்டாது. பத்து ஆண்டுகள் கழித்து அதே வரியில் வழு தேடும் ஒருவருக்குக் கிடைக்கும் ஒரே சான்று அவ்விளக்கமே.

மாற்றம் ஒன்றின் பயணம்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு சாதன இயக்கியில் உள்ள செயற்கூறு ஒன்று, முதலில் ஒரு பூட்டைப் பூட்டி, பின்னர் நினைவகம் பெற்று, அதன்பின் சாதனத்துடன் பேசுகின்றது எனக் கொள்வோம். பூட்டு என்பது இரண்டு பணிகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் ஏற்பாடு. சாதனம் பதில் அளிக்காவிட்டால் உடனே திரும்பிவிடும்படி ஒருவர் இரண்டு வரிகளைச் சேர்த்து அனுப்புகின்றார். அவருடைய கணினியில் எல்லாம் சரியாக இயங்குகின்றது.

ஒட்டைப் படிக்கும் மீளாய்வாளர், அவ்விடத்தில் திரும்பினால் பூட்டைத் திறப்பது யார் என்றும், பெற்ற நினைவகத்தை விடுவிப்பது யார் என்றும் கேட்கின்றார். அனுப்பியவரின் சாதனம் ஒருபோதும் பதில் அளிக்கத் தவறவில்லை. ஆதலால் சோதனையில் இவ்வழு வெளிப்படவில்லை. வேறொரு கணினியில் சாதனம் ஒருமுறை தவறினாலும், திறக்கப்படாத பூட்டுக்காக ஏனைய பணிகள் முடிவின்றிக் காத்திருக்கும்.

அனுப்பியவர் திருத்திய இரண்டாம் பதிப்பை அனுப்புகின்றார். இப்போது இன்னொருவர், இதே சோதனை வேறு மூன்று இயக்கிகளிலும் உள்ளதே, நான்குக்கும் பொதுவாக ஒரே செயற்கூறு எழுதினால் என்ன என்று வினவுகின்றார். மூன்றாம் பதிப்பு தேவையாகின்றது. சிறிய மாற்றம் மூன்று நான்கு சுற்றுகளையும், பெரிய மாற்றம் இருபதுக்கும் மேற்பட்ட சுற்றுகளையும் காண்பது உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை, விளக்கத்தின் கீழ் மூன்று சிறு கோடுகளுக்குப் (---) பின்னர் எழுதுவது மரபு. அக்கோட்டின் கீழ் உள்ளவை மீளாய்வாளர்களுக்கு மட்டுமே. கருனியின் நிலையான வரலாற்றில் அவை பதிவாவதில்லை.

மறுமொழி எதுவும் வராமலே போவதும் உண்டு. அது மறுப்பு அன்று. பெரும்பாலும் படிக்க ஆளில்லை என்பதே பொருள். குறைந்தது ஒரு வாரம் காத்திருந்து மீண்டும் அனுப்புமாறு கருனியின் ஆவணங்கள் அறிவுறுத்துகின்றன.

பராமரிப்பாளர்கள்

கருனியின் ஒவ்வொரு பகுதிக்கும் பராமரிப்பாளர் ஒருவரோ பலரோ உள்ளனர். அவர்களின் பெயர்களைக் கொண்ட கோப்பு மூலநிரலுடனேயே வைக்கப்பட்டுள்ளது. ஓர் ஒட்டை யாருக்கு அனுப்பவேண்டும் என்பதை அக்கோப்பிலிருந்து கண்டறியும் சிறு நிரலும் உண்டு.

பராமரிப்பாளர் ஏற்ற மாற்றங்கள் அவருடைய கிளையில் சேரும். அங்கிருந்து, வலையமைப்பு, கோப்பு முறைமை போன்ற பெரும் பகுதிகளின் கிளைகளுக்குச் செல்லும். இறுதியில் டோர்வால்ட்ஸ் அவற்றைத் தம் கிளையில் இணைப்பார். பெரும்பாலான ஒட்டுகளை அவர் தனித்தனியே படிப்பதில்லை. பராமரிப்பாளர்கள் மீதுள்ள நம்பிக்கையின் பேரில் இணைக்கின்றார். ஆகவே இந்த அமைப்பு ஒரு நம்பிக்கைச் சங்கிலி எனலாம்.

பதிப்பு ஒன்று வெளியானவுடன் இரண்டு வாரங்களுக்குப் புதிய வசதிகள் ஏற்கப்படும். இது இணைப்புக் காலம் எனப்படும். பின்னர் ஏறத்தாழ ஏழு வாரங்கள் வழுத் திருத்தங்கள் மட்டுமே ஏற்கப்படும். அடுத்த பதிப்புக்கான கிளைகளை நாள்தோறும் ஒன்றுசேர்த்து, அவை ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று பார்க்கும் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்னும் கிளையை 2008 இல் ஸ்டீபன் ராத்வெல் தொடங்கினார்.

மீளாய்வில் நோக்கப்படுபவை

* சரியான இயக்கம்: எதிர்பாராத நிலைகளிலும் நிரல் சரியாக நடக்கின்றதா? பல செயலிகள் ஒரே நேரத்தில் அதே வரிகளை இயக்கினால் என்ன ஆகும்?
* பயனர் நிரல்கள்: நேற்று இயங்கிய பயனர் நிரல் ஒன்று புதிய கருனியால் இன்று இயங்காமல் போகக்கூடாது என்பது டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பாகப் பேணும் விதி.
* பகுப்பு: ஓர் ஒட்டு ஒரு செயலை மட்டுமே செய்யவேண்டும். பெரிய மாற்றம் சிறு ஒட்டுகளின் வரிசையாக உடைக்கப்படவேண்டும். வரிசையின் எந்த இடத்தில் நிறுத்தினாலும் கருனி இயங்கவேண்டும். அப்போதுதான் பின்னாளில் வழு எந்த ஒட்டில் நுழைந்தது என்று தேடமுடியும்.
* நடை: வரியின் உள்தள்ளல் 8 எழுத்து அகலம் இருக்கவேண்டும் என்பது போன்ற விதிகள். வரி 80 எழுத்துகளைத் தாண்டினால் எச்சரித்த சோதனை நிரல், 2020 முதல் 100 எழுத்துகள் வரை பொறுத்துக்கொள்கின்றது.
* தேவை: இது கருனியில்தான் இருக்கவேண்டுமா? பயனர் நிரலிலேயே செய்யமுடியாதா?
* எதிர்காலம்: அனுப்பியவர் நாளை விலகிவிட்டால் இதைப் பராமரிப்பது யார்?

இறுதி இரண்டும் நிரலின் தரம் பற்றிய கேள்விகள் அல்ல என்பது கவனிக்கத்தக்கது. நன்றாக எழுதப்பட்ட மாற்றமும் இக்கேள்விகளால் மறுக்கப்படலாம். புதிதாகப் பங்களிப்போரின் மனக்குறை பெரும்பாலும் இங்கேதான் தோன்றுகின்றது.

ஒப்ப வரிகள்

ஒட்டின் இறுதியில் யார் அனுப்பினர், யார் படித்தனர், யார் சோதித்தனர் என்பன தனித்தனி வரிகளாகப் பதிவாகின்றன. சைன்டு-ஆஃப்-பை என்னும் வரி, இந்நிரலை அளிக்கும் உரிமை எனக்கு உண்டு என்னும் உறுதிமொழி ஆகும். எஸ்சிஓ நிறுவனம் 2003 இல் ஐபிஎம் மீது லினக்ஸ் தொடர்பாக வழக்குத் தொடுத்த பின்னர், ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று காட்டவேண்டிய தேவை எழுந்தது. 2004 இல் இவ்வரி நடைமுறைக்கு வந்தது.

ரிவ்யூடு-பை என்னும் வரி, இம்மாற்றத்தை நான் முழுமையாகப் படித்தேன், கருனியில் சேரத்தக்கது என்று கருதுகின்றேன் எனப் பொருள்படும். அக்டு-பை என்பது உடன்பாட்டை மட்டும் குறிக்கும். முழுமையாகப் படித்ததாகப் பொருளில்லை. டெஸ்டடு-பை என்பது சோதித்துப் பார்த்தவரைக் குறிக்கும். படிப்பவரின் உழைப்பு எழுதுபவரின் உழைப்போடு சேர்ந்து வரலாற்றில் பதிவாவதற்கு இவ்வரிகளே வழிசெய்தன.

வரலாறு

தொடக்கத்தில் ஒட்டுகள் அனைத்தும் டோர்வால்ட்ஸுக்கே மின்னஞ்சலில் சென்றன. அவர் தாமே படித்துச் சேர்த்தார். 1998 இல், அனுப்பிய ஒட்டுகள் மறுமொழியின்றிக் காணாமற் போகின்றன என்னும் முறைப்பாடு வலுத்தது. அவர் ஒருவரால் இனித் தாங்க இயலாது என்று பங்களிப்போர் வெளிப்படையாகவே எழுதினர். 2002 தொடக்கத்தில் இதே முறைப்பாடு மீண்டும் எழுந்தது.

அவ்வாண்டு பிப்ரவரியில் டோர்வால்ட்ஸ் பிட்கீப்பர் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கினார். அது கட்டற்ற மென்பொருள் அன்று என்பதால் பலர் எதிர்த்தனர். 2005 ஏப்ரலில், ஆண்ட்ரூ டிரிட்ஜெல் பிட்கீப்பரின் தொடர்பு முறையை ஆராய்ந்து தனி நிரல் எழுதியதை அடுத்து எழுந்த பிணக்கில், இலவசப் பயன்பாடு நிறுத்தப்பட்டது. சில நாட்களிலேயே டோர்வால்ட்ஸ் கிட் என்னும் மென்பொருளை எழுதினார். 2005 ஜூனில் வெளியான 2.6.12 பதிப்பு முதல் கருனி கிட்டைக் கொண்டே பராமரிக்கப்படுகின்றது. பராமரிப்பாளர் ஒவ்வொருவரும் தனிக்கிளை வைத்துக்கொள்ளும் இன்றைய அமைப்பு இவ்வாறு உறுதிப்பட்டது.

2003 ஆம் ஆண்டின் ஊடுருவல் முயற்சி

2003 நவம்பரில், பிட்கீப்பரிலுள்ள மூலநிரலின் நகலைத் தாங்கிய சிவிஎஸ் வழங்கி ஒன்றில் எவரோ ஊடுருவி இரண்டு வரிகளைச் சேர்த்தனர். மேலோட்டமாகப் பார்த்தால் அது பயனர் எண் சுழியமா என்று ஒப்பிடும் சாதாரணச் சோதனையாகத் தோன்றியது. சி நிரல்மொழியில் ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறிகள் (==) வேண்டும். அவ்வரியில் ஒரே சமக்குறி (=) இருந்தது. ஒரே குறி இருந்தால் அது ஒப்பிடாது, மதிப்பை மாற்றிவிடும். அதாவது, குறிப்பிட்ட முறையில் அச்செயற்கூறை அழைக்கும் எவரும் பயனர் எண் சுழியத்தை, அதாவது கணினியின் முழு அதிகாரத்தை, பெற்றுவிடுவர்.

பிட்கீப்பரில் இல்லாத மாற்றம் நகலில் இருப்பதை லாரி மெக்வாய் அறிவித்தார். மடலாடற் குழுவில் இருந்தோர் வரிகளைப் படித்து, அது கவனக்குறைவால் நேர்ந்த பிழை அன்று, திட்டமிட்ட ஓட்டை என்று கண்டனர். யார் செய்தது என்பது வெளிப்படவில்லை. மூல நிரலில் அவ்வரிகள் சேரவே இல்லை. யாருடைய பெயரில், எவர் வழியாக வந்தது என்று தெரியாத மாற்றத்துக்கு இடமில்லை என்னும் விதி எதற்காக என்பதற்கு இந்நிகழ்வு தக்க சான்று.

குறிப்பிடத்தக்க விவாதங்கள்

பணி ஒழுங்கமைப்பி (2007): எந்தப் பணிக்குச் செயலியை எவ்வளவு நேரம் அளிப்பது என்று தீர்மானிக்கும் பகுதி இது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவரான கான் கொலிவாஸ், மேசைக் கணினிப் பயனர்களின் வசதி கருதி, நேர்மையான பங்கீட்டு முறை ஒன்றை எழுதி வந்தார். 2007 ஏப்ரலில் இங்கோ மோல்னார் அதே கருத்தின் அடிப்படையில் சிஎஃப்எஸ் என்னும் வேறொரு நிரலை வெளியிட்டார். கருத்துக்குக் கொலிவாஸுக்கு நன்றியும் தெரிவித்தார். டோர்வால்ட்ஸ் சிஎஃப்எஸ்ஸையே 2.6.23 பதிப்பில் சேர்த்தார். நிரலின் திறனோடு, குறைகளை அறிவிப்போருக்குப் பராமரிப்பாளர் எவ்வாறு மறுமொழி அளிக்கின்றார் என்பதையும் கருதியதாக அவர் விளக்கினார். கொலிவாஸ் அவ்வாண்டே கருனிப் பணியிலிருந்து விலகினார். சிஎஃப்எஸ் 2023 இல் வெளியான 6.6 பதிப்பு வரை நிலைத்தது.

நிகழ்நேரக் கருனி (2004-2024): குறித்த நேரத்துக்குள் கட்டாயம் பதில் அளிக்கவேண்டிய தொழிற்சாலைக் கருவிகள் போன்றவற்றுக்கான மாற்றங்கள், தாமஸ் கிளைக்ஸ்னர், மோல்னார் முதலியோரால் தனி ஒட்டுகளாக வளர்க்கப்பட்டன. இவை சிறு சிறு பகுதிகளாக மீளாய்வு செய்யப்பட்டு, 2024 இல் வெளியான 6.12 பதிப்பில் நிறைவுபெற்றன. ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. இக்காலத்தில் பூட்டுகள் உள்ளிட்ட கருனியின் பல பகுதிகள் இம்மாற்றத்துக்காகச் சீர்செய்யப்பட்டதால் எல்லாப் பயனர்களும் பயனடைந்தனர்.

பிகேஷ்எஃப்எஸ் (2024-2025): கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் எழுதிய இக்கோப்பு முறைமை 2024 ஜனவரியில் 6.7 பதிப்பில் சேர்ந்தது. இணைப்புக் காலம் முடிந்த பின்னரும் பெரிய மாற்றங்கள் அனுப்பப்படுவதாக டோர்வால்ட்ஸ் கண்டித்தார். பயனர்களின் தரவைக் காக்கும் திருத்தங்களைக் காலவரையறைக்காகத் தாமதிக்க இயலாது என்பது ஓவர்ஸ்ட்ரீட்டின் நிலைப்பாடு. ஒரு பகுதியின் அவசரத்துக்காக எல்லோருக்கும் பொதுவான ஒழுங்கைத் தளர்த்த இயலாது என்பது எதிர்த்தரப்பின் நிலைப்பாடு. இணக்கம் ஏற்படவில்லை. 2025 இல் வெளியான 6.18 பதிப்பில் இக்கோப்பு முறைமை கருனியிலிருந்து நீக்கப்பட்டது.

ரஸ்ட் நிரல்மொழி: நினைவக வழுக்களைத் தடுக்கும் ரஸ்ட் மொழிக்கான ஆதரவு 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. சி மொழி மட்டுமே அறிந்த பராமரிப்பாளர் தாம் படிக்க இயலாத மொழியிலுள்ள நிரலுக்கு எவ்வாறு பொறுப்பேற்பார் என்னும் கேள்வி கடும் விவாதமானது. பராமரிப்பாளர் எவரும் ரஸ்ட் நிரலைப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை, ஆயினும் தம் பகுதியைப் பயன்படுத்தும் வேறொரு நிரலைத் தடுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை என்று டோர்வால்ட்ஸ் 2025 பிப்ரவரியில் விளக்கினார்.

நடத்தை நெறி

கருனி விவாதங்கள் நெடுங்காலம் கடுஞ்சொல்லுக்குப் பெயர்பெற்றவை. டோர்வால்ட்ஸே அதற்கு முதன்மை எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டார். வெளிப்படையான கண்டனமே தரத்தைக் காக்கின்றது என்று ஒரு சாராரும், அது திறமையானவர்களை விரட்டுகின்றது என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தம் நடத்தைக்கு மன்னிப்புக் கோரி, சில வாரங்கள் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். அவ்வேளையில் கிரெக் குரோவா-ஹார்ட்மன் 4.19 பதிப்பை வெளியிட்டார். நடத்தை நெறி ஆவணம் ஒன்றும் அப்போது ஏற்கப்பட்டது. நிரலைக் கண்டிக்கலாம், ஆளைத் தாக்கக்கூடாது என்பது அதன் சாரம் எனலாம்.

வரம்புகள்

மீளாய்வு எல்லா வழுக்களையும் பிடித்துவிடுவதில்லை. 2016 இல் வெளிப்பட்ட டர்ட்டி கவ் என்னும் பாதுகாப்பு ஓட்டை இதற்கு எடுத்துக்காட்டு. சாதாரணப் பயனர் ஒருவர் முழு அதிகாரத்தையும் பெற அது இடமளித்தது. இதன் வேரான வழுவை 11 ஆண்டுகளுக்கு முன்பே தாம் திருத்த முயன்றதாகவும், எஸ்390 பெருங்கணினிகளில் எழுந்த சிக்கலால் அத்திருத்தம் திரும்பப் பெறப்பட்டதாகவும் டோர்வால்ட்ஸ் தம் ஒட்டின் விளக்கத்தில் குறிப்பிட்டுள்ளார்.

நம்பிக்கையைச் சோதிக்கும் வேறு வகை நிகழ்வும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மீளாய்வின் வலிமையை ஆராய்வதற்காக 2020 இல் முன்னறிவிப்பின்றிப் பிழையான ஒட்டுகளை அனுப்பினர். 2021 ஏப்ரலில் அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆய்வாளர்கள் மன்னிப்புக் கோரி, ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். அப்பல்கலைக்கழகத்திலிருந்து முன்னர் வந்திருந்த 400-க்கும் மேற்பட்ட மாற்றங்களைப் பல பராமரிப்பாளர்கள் மீண்டும் படிக்கவேண்டியதாயிற்று. அவற்றுள் பெரும்பாலானவை சரியானவையே என்று தெரியவந்தது. ஏற்கனவே பற்றாக்குறையாக உள்ள மீளாய்வாளர்களின் நேரம் வீணானது என்பதே பராமரிப்பாளர்களின் முதன்மை மனக்குறை.

சில வழுக்களை இன்று தானியங்கி நிரல்கள் கண்டுபிடிக்கின்றன. இன்டெல் நிறுவனத்தின் சோதனை நிரல், மடலாடற் குழுவுக்கு வரும் ஒட்டுகளைத் தொகுத்துப் பார்த்துப் பிழைகளை அறிவிக்கின்றது. கூகுள் நிறுவனத்தின் சிஸ்பாட் 2017 முதல் கருனிக்குத் தாறுமாறான அழைப்புகளை அனுப்பி வழுக்களை வெளிக்கொணர்கின்றது. ஆனால் இம்மாற்றம் தேவையா, இதை யார் பராமரிப்பது என்னும் கேள்விகளுக்கு இந்நிரல்களால் விடை கூற இயலாது.

கருனிக்குப் பங்களிப்போருள் பெரும்பாலோர் நிறுவனங்களின் ஊதியம் பெறுபவர்கள். புதிய வசதியை எழுதுவது நிறுவனத்துக்கு உடனடிப் பயன் தரும். பிறருடைய நிரலைப் படிப்பது அவ்வாறு தருவதில்லை. ஆகவே எழுதுவோர் தொகை பெருகும் வேகத்தில் படிப்போர் தொகை பெருகவில்லை. தொடர்ந்து கண்டனங்களுக்கு இடையே பணிபுரியும் பராமரிப்பாளர்கள் சோர்ந்து விலகுவதும் நிகழ்கின்றது. புதியவர்கள் நிரல் எழுதும் முன்னர் பிறருடைய ஒட்டுகளைப் படித்துக் கருத்துக் கூறலாம் என்று பராமரிப்பாளர்கள் அழைப்பு விடுப்பதற்கு இதுவே காரணம். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

இவற்றையும் பார்க்க

* லினக்ஸ்
* கருனி
* கட்டற்ற மென்பொருள்
* கிட்
* லினஸ் டோர்வால்ட்ஸ்